ஸ்ட்ரோக்குக்குப் பிறகு பேச்சு போனவரிடம் பேசுவது எப்படி: வயசும் ஆண்-பெண் வித்தியாசமும் எங்கே கணக்கில் வரும்?

"எழுபத்தி மூணு வயசாச்சே, இனிமே பேச்சு எங்க வரப்போகுது?" என்று மகன் கேட்பார். நான் வாசலில் செருப்பை மாட்டும்போது மருமகள் பின்னாலேயே வந்து, "பொம்பளைங்களுக்குச் சீக்கிரம் வந்துரும்னு சொல்றாங்களே மேடம்?" என்பார். மதுரையிலும் சுற்றுப்பட்ட ஊர்களிலும் வீடு வீடாகப் போய்ப் பேச்சுப் பயிற்சி கொடுப்பது என் வேலை. இந்த இரண்டு கேள்வியும் வராத வீடு அபூர்வம். பேச்சு எவ்வளவு திரும்பும் என்பதை வயசை வைத்தோ, ஆணா பெண்ணா என்பதை வைத்தோ முடிவு கட்டாதீர்கள் என்றுதான் இருவருக்கும் சொல்வேன். ஆனால் அவரிடம் எப்படிப் பேசுவது, எதைக் காட்டிச் சோதிப்பது, எந்தச் சொல்லிலிருந்து பயிற்சியைத் தொடங்குவது என்று வரும்போது அந்த இரண்டையும் பார்க்காமல் ஒன்றும் செய்ய முடியாது.

முதலில் ஆய்வுக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். ஸ்ட்ரோக் வருபவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு மொழித்திறன் பாதிக்கப்படுகிறது. இதற்கு அஃபேசியா என்று பெயர். வலது கைப் பழக்கம் உள்ளவர்களில் பெரும்பாலானோருக்கு மொழி மூளையின் இடது பக்கத்தில் இருக்கிறது. வலது கை, காலை இயக்குவதும் அதே பக்கம்தான். அதனால்தான் வலது கை, கால் விழுந்தவர்களுக்குப் பேச்சும் சேர்ந்து போவதைப் பார்க்கிறோம். சுவிட்சர்லாந்தின் பாசல் பகுதியில் முதல் முறை ஸ்ட்ரோக் வந்தவர்களைக் கவனித்து 2006-இல் வெளியிட்ட ஆய்வில், வயது கூடக் கூட அஃபேசியா வரும் வாய்ப்பும் கூடியது. ஆண், பெண் என்ற வித்தியாசம் அதில் தெரியவில்லை. 2018-இல் டென்மார்க்கிலிருந்து ஒருவர் பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது பெண்களில் சுமார் 30 சதவீதம், ஆண்களில் சுமார் 26 சதவீதம் என்று வந்தது. பார்த்தால் பெண்களுக்குத்தான் அதிகம் போலிருக்கும். ஆனால் அந்த நாடுகளில் பெண்களுக்கு ஸ்ட்ரோக் வருவதே ஆண்களைவிடச் சில வருடம் தள்ளித்தான். வயதைச் சமப்படுத்திக் கணக்குப் போட்டதும் அந்த இடைவெளி மறைந்துவிட்டது.

'பெண்களுக்குச் சீக்கிரம் வந்துரும்' என்ற பேச்சுக்கும் ஒரு பூர்வீகம் உண்டு. பெண்களுக்கு மொழி மூளையின் இரண்டு பக்கமும் இருக்கிறது என்று ரொம்ப நாளாக நம்பினார்கள். 1995-இல் 19 ஆண்கள், 19 பெண்களை வைத்துச் செய்த ஒரு ஸ்கேன் ஆய்வு அதற்குத் தோதாக அமைந்து பிரபலமாகிவிட்டது. பின்னால் நிறையப் பேரைச் சேர்த்துப் பார்த்த ஆய்வுகளில் அது நிற்கவில்லை. பேச்சு எவ்வளவு திரும்பும் என்பதற்கு நல்ல குறிப்பு வேறு இரண்டு இடத்தில் கிடைக்கும்: ஸ்கேனில் பாதிப்பு எங்கே, எவ்வளவு பெரிசாக இருக்கிறது, முதல் சில வாரங்களில் பேச்சு எவ்வளவு மோசமாக இருந்தது. முன்னேற்றம் முதல் மூன்று மாதத்தில் வேகமாக இருக்கும். அப்புறம் மெதுவாகும், ஆனால் நின்றுவிடாது. வருடம் கழிந்த பிறகும் புதுச் சொல் பிடித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களில் எழுபது தாண்டியவர்களும் உண்டு.

வயதானவர் திடீரென்று உளறினால்

வயது முக்கியமாகிற முதல் இடம் இது. நடுத்தர வயதில் வரும் அஃபேசியாவில், சொல் வராமல் திணறுவதை அதிகம் பார்க்கலாம். "தண்ணி... குடு... நான்..." என்று ஒவ்வொரு சொல்லாக இழுத்துப் பேசுவார்கள். வேற்றுமை உருபெல்லாம் உதிர்ந்துவிடும். வீட்டில் யாருக்கும் சந்தேகம் வராது, உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். முதியவர்களிடம் இன்னொரு வகையும் சகஜம். பேச்சு ஆற்றொழுக்காக வரும், ராகமெல்லாம் சரியாக இருக்கும், ஆனால் அர்த்தம் இருக்காது. "அந்தக் கட்டுல போய் மிளகா உக்காந்து செவந்துச்சுல்ல, அதை எடுத்து நேத்து பண்ணு" என்பது போல. நாம் சொல்வதும் அவர்களுக்குப் புரியாது. கை, கால் விழாமலே இது வரலாம். சில சமயம் வாய்கூடக் கோணாது.

இந்த இரண்டாவது வகையில்தான் நேரம் வீணாகிறது. "பாட்டிக்குப் புத்தி பேதலிச்சுருச்சு", "வயசானா மறதிதானே" என்று விட்டுவிடுகிறார்கள். கயிறு மந்திரித்துக் கட்டிவிட்டு மறுநாள் சாயங்காலம் டாக்டரிடம் கூட்டிப் போனவர்கள் உண்டு. மறதி நோய் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் ஏறும். நேற்று ராத்திரி சரியாகப் பேசிக்கொண்டிருந்த 78 வயதுக்காரர் காலையில் அர்த்தமில்லாமல் பேசினால், வேறு காரணம் இருக்கிறது என்று நிரூபணமாகும்வரை அது ஸ்ட்ரோக்தான். 108-ஐக் கூப்பிடுங்கள். கடைசியாக எப்போது சரியாகப் பேசினார் என்ற நேரத்தை ஒரு காகிதத்தில் குறித்துக்கொள்ளுங்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசி போடுவதற்கான நாலரை மணி நேரம் அங்கிருந்துதான் எண்ணப்படும். சி.டி. ஸ்கேன் உள்ள ஆஸ்பத்திரிக்கே நேராகப் போக வேண்டும். பக்கத்துக் கிளினிக்கில் சர்க்கரை பார்த்து, குளுக்கோஸ் ஏற்றிவிட்டுப் போகலாம் என்று நின்றால் அந்த நேரம் அங்கேயே கரைந்துவிடும்.

வயதானவர்களுக்கு இதயத் துடிப்பு தாறுமாறாக அடிக்கும் கோளாறு அதிகம். அங்கிருந்து கிளம்பும் ரத்தக்கட்டி மூளையின் மொழிப் பகுதிக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயில் போய் அடைத்துக்கொள்ளும். அதனால் பேச்சுப் போய்த் திரும்பி வந்த முதியவருக்கு இ.சி.ஜி. எடுத்தார்களா, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எழுதினார்களா என்று கேளுங்கள்.

சோதிப்பதற்கு முன்னால்

டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வந்ததும் எல்லாருமே ஒரு சோதனை வைப்பார்கள். ஆப்பிளும் ஹார்லிக்ஸ் பாட்டிலுமாக வரும் சொந்தக்காரர், செருப்பைக் கழற்றும்போதே, "மாமா, என்னைத் தெரியுதா? நான் யாரு சொல்லுங்க பாப்போம்!" என்பார். தெரியும், சொல்லத்தான் வராது. நாலு பேர் முன்னால் வாய் கோணிக்கொண்டு முழிப்பது அதிகாரமாக வாழ்ந்த ஒரு பெரிய மனிதருக்கு எவ்வளவு அவமானம் என்று யாரும் யோசிப்பதில்லை. வாசலிலேயே சொல்லி வையுங்கள்: "உள்ளே போனதும் உங்க பேரை நீங்களே சொல்லிருங்க. கேள்வி கேட்க வேண்டாம்."

உண்மையிலேயே என்ன புரிகிறது, என்ன வருகிறது என்று பார்க்க வேண்டுமானால், முதலில் மூக்குக்கண்ணாடியை மாட்டிவிடுங்கள். காது மிஷின் இருந்தால் பேட்டரி இருக்கிறதா என்று பாருங்கள். பல் செட் ஆஸ்பத்திரியில் கழற்றியது டப்பாவிலேயே கிடக்கும், அதையும் பாருங்கள். பல் செட் இல்லாமல் பேசும் குழறலைப் பேச்சு போய்விட்டதென்று நினைத்துக்கொண்டிருந்த வீடுகள் உண்டு. நாக்கும் உதடும் பலவீனமாகிக் குழறுவது ஒரு கோளாறு, சொல்லே கிடைக்காமல் போவது வேறு கோளாறு. குழறுபவருக்குச் சொல் சரியாக இருக்கும், வாயில் தெளிவு மட்டும் இருக்காது. அவருக்குத் தர வேண்டிய பயிற்சியும் வேறு.

அப்புறம், எந்த மொழி? மதுரையில் இதைக் கேட்காமல் நான் வேலையை ஆரம்பிக்கவே மாட்டேன். சௌராஷ்டிர வீட்டுப் பாட்டிக்குத் தமிழ் கடைத்தெரு மொழி. மனசு பேசுவது சௌராஷ்டிரத்தில். தெலுங்கு பேசும் வீடுகளிலும் அப்படித்தான். தமிழில் மட்டும் கேட்டுவிட்டு "ஒண்ணும் தெரியலை" என்று எழுதினால் அது அரைச் சோதனை. பேரன், பேத்திக்கு வீட்டு மொழி சரளமாக வராத இடங்களில், கூடப்பிறந்தவர் யாரையாவது வரவழைத்து ஒரு மணி நேரம் சும்மா பேச விடுவேன்.

வயதான பெண்களிடம் இன்னொரு சிக்கல். சில ஆஸ்பத்திரிகளில் ஞாபகம் பார்க்க முதல் கேள்வியே "உங்க வீட்டுக்காரர் பேர் என்ன?" என்பதாக இருக்கும். வாழ்நாள் முழுக்க அந்தப் பெயரை வாயால் சொல்லாத அம்மா தலையைக் குனிந்துகொள்வார். தாளில் 'பதில் இல்லை' என்று ஏறிவிடும். அவருக்கு அந்தப் பெயர் தெரியும், மொழியும் போகவில்லை. பிள்ளைகள் பெயரைக் கேளுங்கள், பிறந்த ஊரைக் கேளுங்கள். இதேபோல அந்தத் தலைமுறைப் பெண்களில் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் நிறைய. எழுத்து அட்டையைக் காட்டினால் அஃபேசியா வருவதற்கு முன்னாலும் அவர்களால் படித்திருக்க முடியாது. கரண்டி, சாவி, வெற்றிலை, சீப்பு என்று நிஜப் பொருளையே தட்டில் வைத்து "சாவியை எடுங்க" என்று கேளுங்கள். கேட்கும்போது கண்ணாலும் கையாலும் சாடை காட்டாதீர்கள். சாடையைப் பார்த்துச் செய்வதற்கும் சொல் புரிந்து செய்வதற்கும் வித்தியாசம் உண்டு.

ஆண்களிடம் இதே தவறு வேறு மாதிரி நடக்கும். "சாம்பார் எப்படி வைப்பீங்க?" என்று, அடுப்படிப் பக்கமே போகாத மனிதரிடம் கேட்டால் என்ன சொல்வார்? அவர் செய்த தொழிலைக் கேளுங்கள். கொத்தனாரிடம் கலவையை, விவசாயியிடம் நடவை. ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருவருக்கு எதிரில் இருக்கும் டம்ளருக்குப் பெயர் வராது. நான் "பெரியார்..." என்று பஸ் ஸ்டாப் பெயரை ஆரம்பித்தால் போதும், "சிம்மக்கல், கோரிப்பாளையம்" என்று அதே கண்டக்டர் குரலில், விரலிடுக்கில் டிக்கெட் மடித்து வைத்திருக்கும் பாவனையோடு வரிசையாகச் சொல்லிவிடுவார். நடுவில் நிறுத்தி "கோரிப்பாளையம் எங்கே இருக்கு?" என்றால் மறுபடி முழிப்பார். பழக்கத்தில் ஊறிய வரிசைப் பேச்சு இப்படித் தப்பித்து நிற்கும். ஒன்று இரண்டு எண்ணுவது, கிழமைகள், தாலாட்டு எல்லாம் இந்த வகைதான்.

கெட்ட வார்த்தையும் இந்த வகைதான் என்பதைச் சொல்லிவிட வேண்டும். வேறெதுவும் வராதபோது அது மட்டும் பளிச்சென்று வரும். அப்பா திட்டினால் வீட்டில் சிரித்துக்கொள்வார்கள். பூஜை, கோலம் என்று இருந்த அம்மா வாயிலிருந்து வந்தால் கதவைச் சாத்தி உள்ளே வைத்துவிடுகிறார்கள், ஆள் வந்தால் வெளியே விடுவதில்லை. இருவருக்கும் மூளையில் நடப்பது ஒன்றே. கோபமும் இல்லை, குணம் மாறியதும் இல்லை. கண்டுகொள்ளாமல் "தண்ணி வேணுமா?" என்று அடுத்ததற்குப் போய்விடுங்கள்.

அவன், அவள் மாறுவதும் அப்படித்தான். தமிழில் வினைச்சொல்லிலேயே ஆண், பெண் ஒட்டிக்கொண்டு வருவதால் தவறு பெரிதாகத் தெரியும். "மருமக வந்தான்" என்பார், மனைவியை "அக்கா" என்பார். உறவுச் சொற்கள் மூளையில் பக்கத்துப் பக்கத்து வீடுகள் மாதிரி. கதவு மாறித் தட்டுகிறார், அவ்வளவுதான். "நான் உங்களுக்கு அக்காவா?" என்று கண் கலங்கிய மனைவிகளிடம் நான் இதைத்தான் விளக்குவேன்.

பேசும் முறை

டிவியை அணையுங்கள். ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும், அவர் முகத்துக்கு நேரே உட்கார்ந்து பேசுங்கள். காது கேட்பவரிடம் கத்த வேண்டாம். வாக்கியத்தைச் சின்னதாக்குங்கள்: "டாக்டர்கிட்ட போறோம். நாளைக்கு. காலையில." சொல்லிவிட்டுக் காத்திருங்கள். மனசுக்குள் பத்து எண்ணும்வரை வாயைத் திறக்காதீர்கள். பெரும்பாலான வீடுகளில் மூன்று எண்ணுவதற்குள் இன்னொருவர் பதிலை எடுத்துக் கொடுத்துவிடுகிறார்.

'என்ன சாப்பிடுறீங்க' என்று பொதுவாகக் கேட்காமல் இரண்டு பொருளைக் கையில் காட்டி "இட்லியா, தோசையா?" என்று கேளுங்கள். ஆமாம், இல்லை என்பதில் எச்சரிக்கை தேவை. நம் ஊர்த் தலையாட்டல் நல்ல நாளிலேயே ஆமாமா இல்லையா என்று தெரியாது. அஃபேசியாவில் 'ஆமா' என்று நினைத்து 'இல்லை' என்பார்கள். கட்டை விரலை மேலே, கீழே காட்டுவது, இல்லாவிட்டால் பச்சை, சிவப்பு அட்டை என்று ஒன்றைப் பழக்குங்கள். வலி, மருந்து போன்ற விஷயத்தில் கேள்வியைத் திருப்பிப் போட்டு இரண்டாம் முறை கேட்டு உறுதி செய்யுங்கள்.

மரியாதை குறையக் கூடாது. நேற்றுவரை 'நீங்க' என்றவர்கள் இன்று "ஆ காட்டு, சமர்த்துல்ல" என்கிறார்கள். வீட்டு நர்ஸும் அதைப் பார்த்துப் பழகிக்கொள்கிறார். பேச்சு போனவருக்குத் தன்னை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்பது நன்றாகவே தெரியும். பயிற்சிக்கு ஒத்துழைக்காமல் முகத்தைத் திருப்பிக்கொள்பவர்கள் பலருக்கு இதுவே காரணம். ஸ்ட்ரோக் வந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வரும். சாப்பிடாமல், தூங்காமல், அழுதுகொண்டு இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், அதற்கு மருந்து உண்டு. பெண்கள் விஷயத்தில் இது தாமதமாகத்தான் தெரிய வருகிறது. முன்பே அதிகம் பேசாத அம்மா இப்போதும் பேசாமல் படுத்திருந்தால் "அமைதியா இருக்காங்க" என்று விட்டுவிடுகிறார்கள்.

பயிற்சி

காலையில், உடம்பு அசதியில்லாத நேரத்தில், கால் மணி நேரம். மதியம் இன்னொரு கால் மணி. சாயங்காலம் முடிந்தால் ஒன்று. வயதானவர்களை ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் உட்கார வைத்தால் கடைசி அரை மணி வெறும் களைப்புத்தான்.

முதல் பத்துச் சொற்களை நீங்கள் தேர்ந்தெடுக்காதீர்கள், அவருடைய நாளைப் பார்த்து எடுங்கள். கடையில் விற்கும் பட அட்டைகளில் சிங்கம், விமானம் எல்லாம் இருக்கும். படுக்கையில் கிடக்கும் மனுஷிக்குச் சிங்கம் எதற்கு? 'ஒண்ணுக்கு', 'வலிக்குது', 'சேலை', 'திரும்பணும்' என்பவை வேண்டும். இளம்பெண் என்றால் நாப்கின் படம் வேண்டும். அட்டை தயாரிப்பவர்களுக்கு அது ஞாபகமே வருவதில்லை, அண்ணனிடமோ அப்பாவிடமோ சைகையில் கேட்கவும் அவளால் முடியாது. செல்போனில் நீங்களே படம் எடுத்துப் பிரிண்ட் போட்டுக்கொள்ளுங்கள்.

பாட்டு வருபவர்களுக்கு அதையே படியாக்கலாம். 1973-இல் அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் உருவான முறை ஒன்று இருக்கிறது: தேவையான சொற்றொடரை இழுத்து ராகமாகச் சொல்லி, அவருடைய இடது கையால் ஒவ்வொரு அசைக்கும் தட்ட வைப்பது. "தண்-ணி வே-ணும்." முதலில் சேர்ந்து சொல்லுங்கள், அப்புறம் நீங்கள் பாதியில் நிறுத்துங்கள், அப்புறம் ராகத்தைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். திணறிப் பேசும் வகையினருக்குத்தான் இது சரிவரும். சரளமாக உளறுபவருக்கு அவ்வளவாகப் பலிக்காது. அவர்களுக்குக் கேட்டுப் புரிந்துகொள்ளும் பயிற்சி முதலில். ஒன்றை மட்டும் ஞாபகம் வையுங்கள்: முழுத் தாலாட்டையும் பாடுகிறார் என்பதால் பேச்சு வந்துவிட்டது என்று அர்த்தம் ஆகாது.

யார் பயிற்சி கொடுப்பது என்பதில் நம் வீடுகளின் கணக்கு வேறு. கணவருக்கு வந்தால் மனைவி பக்கத்திலேயே இருப்பார். மனைவிக்கு வந்தால் பயிற்சி மருமகளுக்கோ, வார இறுதியில் வரும் மகளுக்கோ போகும். தாத்தா திண்ணையில் இருப்பார். நான் அவரைத்தான் உள்ளே கூப்பிடுவேன். ஐம்பது வருடம் கூட இருந்தவருக்குத் தெரிந்த பேச்சு வேறு யாருக்குத் தெரியும்? முதலில் கூச்சப்படுவார்கள், அப்புறம் பிடித்துக்கொள்வார்கள். காலையில் இரண்டு டம்ளரைக் காட்டி "காபியா, டீயா?" என்று காத்திருக்கும் வேலையை மட்டும் ஒரு தாத்தாவிடம் கொடுத்தேன். பாட்டிக்கு வந்த முதல் சொல் 'காபி' இல்லை, "சர்க்கரை". தாத்தா எப்போதும் சர்க்கரை போட மறப்பவராம்.

இளையவர்களுக்கு

மேலைநாடுகளைவிட இங்கே ஸ்ட்ரோக் சுமார் பத்து வருடம் முன்னதாகவே வருகிறது. நாற்பதுகளில் சம்பாதித்துக்கொண்டிருப்பவர் பேச்சிழந்தால் பயிற்சி வேலையை நோக்கிப் போக வேண்டும்: எண்கள், விலை, போன். எண்கள் குழம்பும் காலத்தில் ஜிபே, ஓ.டி.பி. விஷயங்களில் வீட்டில் ஒருவர் கூட இருங்கள். கையெழுத்து மாறியிருந்தால் வங்கியில் முன்னாலேயே போய்ச் சொல்லுங்கள்.

பிரசவமான பெண்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். பிள்ளை பெற்ற சில வாரங்களுக்கு மூளையின் சிரைக் குழாயில் ரத்தம் உறையும் ஆபத்து உண்டு. உடம்பில் நீர் வற்றினால் அது கூடும். பச்சை உடம்பு என்று தண்ணீரை அளந்து கொடுக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். விடாத தலைவலி, வலிப்பு, பேச்சுத் தடுமாற்றம் வந்தால் அதைப் பேய், காத்து கருப்பு என்று பார்க்காமல் அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இந்த வகையில் நன்றாகத் தேறுபவர்கள் நிறைய.

பயிற்சியாளரும் சான்றிதழும்

பேச்சுப் பயிற்சியாளரைத் தேடும்போது ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு எண் கேளுங்கள். தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வரும் பிசியோதெரபிஸ்ட் கை, காலைப் பார்ப்பார். பேச்சுக்குத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். தூரம் என்றால் வீடியோ காலில் செய்தாலும் பலன் உண்டு.

2016-ஆம் வருடத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் பேச்சு மற்றும் மொழிக் குறைபாடு தனி வகை, அதில் அஃபேசியா பெயர் சொல்லியே இருக்கிறது. பெரும்பாலான வீடுகளில் கை, கால் ஊனத்துக்கு மட்டும் சான்றிதழ் வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். முகாமுக்குப் போகும்போது டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன் ரிப்போர்ட்டோடு பயிற்சியாளரின் எழுத்துமூல அறிக்கையையும் எடுத்துப் போங்கள். சரளமாக உளறும் வகை முதியவராக இருந்தால் அது கட்டாயம். இரண்டு நிமிடம் பார்க்கிறவருக்கு, பாட்டி நன்றாகத்தான் பேசுகிறார் என்றே தோன்றும்.